ஏஞ்சல் வெட்டிய பட்டு

மந்தைவெளி
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள ஹம்சாவுக்கு அம்மாவின் ஆசீர்வாதம். இங்கே நானும் அப்பாவும் சுகம், அப்பாவின் முழங்கால் வலி மட்டும் விட்டபாடில்லை, மெல்போர்ன் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன். போனில் என்றால் உன்னைப் பேசவிடாமல் நானே பேசித் தீர்த்துவிடுவேன், சொல்ல வேண்டியது மட்டும் நின்றுவிடும், அதனால்தான் கடிதம்.

என் பிளவுஸ் கட்டிங் வகுப்பை ஆன்லைனில் போடலாம் என்றதும், ஆபீஸ் வேலைக்கு நடுவே ஒரு மாதம் உட்கார்ந்து பாடப் பக்கங்களைச் செய்து அனுப்பினாய். ஒரு பக்கத்துக்கு ஒரே வேலை, படத்துக்குக் கீழே விளக்கம், நான் பேசுவதெல்லாம் எழுத்தாக ஓடும்படி. எனக்கு அது பிடிக்கவில்லை. இருபது வருஷம் வாயால் சொல்லிக்கொடுத்தவளுக்கு எழுத்து எதற்கு என்று இருந்தது. காது கேட்காதவர்களும் சேரலாம்மா என்று நீ சொன்னபோது, "காது கேக்காதவாளுக்கு எதுக்குடி தையல் கிளாஸ்" என்று கேட்டேனே, நினைத்தாலே கூசுகிறது. கடைசியில் நான் பேசும் நாற்பது நிமிஷ வீடியோக்கள்தான் ஏறின.

மூன்றாவது பேட்ச்சில் பட்டினப்பாக்கத்திலிருந்து ஏஞ்சல் என்று ஒரு பெண் சேர்ந்தாள். சந்தேகங்களை வாட்ஸ்அப்பில் எழுதித்தான் கேட்பாள், நான் குரலில் பதில் அனுப்புவேன், மறுபடி அதையே எழுதிக் கேட்பாள். கவனம் இல்லாத பெண் என்று நினைத்துக்கொண்டேன். போன மாதம் அவளுடைய அம்மா அந்தோணியம்மாள், மீன் விற்பவர், மகளைக் கூட்டிக்கொண்டு நம் வீட்டுக்கே வந்துவிட்டார். மூத்தவள் ஜாஸ்மினின் கல்யாணப் பட்டில் வெட்டிய துண்டுகளைப் பையிலிருந்து எடுத்து மேஜையில் போட்டார். "நீ பேசிக்கினே போற மேடம், எம் பொண்ணுக்குக் காது கேக்காது, அவ இன்னா பண்ணுவா? நீ கோடு போட்டே, அவ கோட்டு மேலயே வெட்டிட்டா. இப்ப தெச்சா கை உள்ள போவாது" என்றார். கோபம்கூட இல்லை, அழுகைதான். துண்டுகளை எடுத்துப் பார்த்தேன் ஹம்சா, சாக்பீஸ் கோட்டில் ஒரு நூல் பிசகவில்லை. தையலுக்கு ஒரு அங்குலம் தள்ளி வெட்ட வேண்டும் என்பதை நான் வாயால் மட்டும்தான் சொல்லியிருந்தேன். ஏஞ்சல் என் உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். மறுநாள் தி.நகர் முழுக்க அலைந்தும் அந்த அரக்கு நிறத்துக்கு ஒத்த பட்டு கிடைக்கவில்லை. பொன் நிறத்தில் வேறொன்று தைத்துக் கொடுத்தேன், அதைப் போட்டுக்கொண்டுதான் ஜாஸ்மின் சர்ச்சுக்குப் போனாள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். லஸ்ஸில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்து என் வகுப்பை ஆன்லைனில் ஏற்றித் தரும் அப்துல் கய்யூம் உன் பக்கங்களைத் தவறுதலாக அழித்துவிட்டார் என்று சொன்னேனே, அது பொய். அழிக்கச் சொன்னது நான். நீ அவரைத் திட்டி எழுதியபோதும் அவர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. போன வாரம் வெட்கத்தோடு போய் அவர் முன்னால் நின்றேன். "அழிக்க மனசு வரலம்மா, பாப்பா அவ்ளோ கஷ்டப்பட்டு செஞ்சிருந்தாங்க, எடுத்து வெச்சிருக்கேன்" என்று திறந்து காட்டினார். கைப்பகுதிப் பாடத்தில் படத்துக்குக் கீழே பெரிய எழுத்தில் நீ எழுதியிருந்தாய்: கோட்டின் மேல் வெட்டாதீர்கள், ஒரு அங்குலம் வெளியே விடுங்கள்.

இப்போது உன் பக்கங்கள்தான் இருக்கின்றன. மற்ற பெண்களும் இதுதான் சுலபமாக இருக்கிறது என்கிறார்கள். மறுபடி வகுப்புக்கு வா என்று ஏஞ்சலுக்கும் எழுதி அனுப்பினேன். "வேணாம் மேடம், கத்திரி எடுத்தாலே பயமா இருக்கு" என்று பதில் வந்தது.

அப்துல் கய்யூமுக்கு மறக்காமல் இரண்டு வரி எழுது. எனக்கும் எழுது, திட்டியே எழுது, ஒரு வரி விடாமல் படிப்பேன். கபாலீஸ்வரர் உங்கள் இருவரையும் நோய் நொடி இல்லாமல் காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
உன்னிடம் பொய் சொன்ன அம்மா,
விசாலாக்ஷி