கடைசியில் ஓடுகிற பேர்

பூஞ்சேரி
சனிக்கிழமை

அன்பு மகள் ஷாரோனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் நாஸ்தா கடையும் கடைக்கு வருகிற காக்காய்களும் கர்த்தருடைய தயவால் சுகம். கிரைண்டர் மட்டும் சுகமில்லை, அதற்கும் ஜெபம் பண்ணியாகிவிட்டது. லண்டனில் நீ சுகமாகத்தான் இருப்பாய், போன வாரம் வீடியோவில் கன்னம் கொஞ்சம் தெரிந்தது, கழுத்து மட்டும் கோழிக்கழுத்து மாதிரி இருந்தது, ஒழுங்காகச் சாப்பிடு. கையில் போன் இருக்கும்போது இவள் எதற்குக் கடுதாசி எழுதுகிறாள் என்று சிரிப்பாய். போனில் நான் வாயைத் திறந்தாலே சரிம்மா சரிம்மா என்று வைத்துவிடுகிறாய், கடுதாசியை நடுவில் கட் பண்ண முடியாது பார். அஞ்சாவது படித்தவள் எழுதுவது, எங்கேயாவது கொம்பும் காலும் விட்டுப்போயிருந்தால் நீயே போட்டுக்கொள், ஊரார் பாதியில் விட்ட பாட்டுக்கெல்லாம் கை கால் வைக்கிறவள்தானே நீ. உன் வரதன் மாமா இதைப் போட்டோ பிடித்து உன் போனுக்கு அனுப்புவான். அவனும் படிப்பான், படிக்கட்டும், அவனைப் பற்றியும் இதில் இருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை போனில் சொன்னாயே, அந்தத் தாடிக்கார மியூசிக் டைரக்டர் இனிமேல் வருகிற படமெல்லாம் உனக்கே தருகிறேன், ஆனால் உன் பேர் போடமாட்டேன், வாத்தியமெல்லாம் நானே எழுதினதாக இருக்கட்டும் என்று கேட்டார் என்று. அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சட்னியில் உப்பு சரியாக விழவில்லை. நீ என்னடாவென்றால் ஒத்துக்கொள்ளலாமா என்று இருக்குதும்மா என்றாய். உங்கப்பா ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசுகிறவர், அன்றைக்குப் பார்த்து நாற்பது வார்த்தை பேசினார். "பேரு இன்னாத்துக்கு பாப்பா, வேலை கீதுல்ல, அது போதும். நான் இத்தினி வருஷமா கல்லு தேய்க்கிறேன், எந்தச் சாமி செலையிலயாவது எம் பேரு கீதா, நாம இன்னா செத்தா பூட்டோம்" என்றார். நீ உடனே அப்பாவே சொல்லிட்டார் என்று அதை உடும்புப் பிடியாகப் பிடித்துக்கொண்டாய். நான் சொன்னது எதையாவது என்றைக்காவது அப்படிப் பிடித்திருக்கிறாயா நீ? வருகிற புதன்கிழமை அவருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்றாய். அதற்குள் இது உன் கையில் இருக்க வேண்டும். ஏனென்றால் உங்கப்பா சொன்ன அந்த வார்த்தை இப்போது செல்லாது. எப்படிச் செல்லாமல் போனது என்று கேள்.

நீ வாத்தியம் எழுதின படம் செங்கல்பட்டில் ஓடுகிறது என்று வரதன் வந்து சொன்னான். வியாழக்கிழமை மத்தியானமே கடையை மூடிவிட்டு நானும் உங்கப்பாவும் கடையில் எனக்குத் துணையாக மாவாட்டுகிற செங்கம்மாளும் அவன் ஷேர் ஆட்டோவில் கிளம்பிவிட்டோம். செங்கம்மாள் ஈஸ்டருக்கு எடுத்த புடவையைக் கட்டிக்கொண்டு வந்தாள், நீ படத்தில் ஃபிடிலோடு வருவாய் என்று நினைத்திருக்கிறாள். வழியெல்லாம் ஒரே கேள்வி. "அக்கா, மெட்டு தாடிக்காரரு போட்டாரு, பாட்டு எழுதனவரு வேற, பாடனவங்க வேற, அப்ப உம் பொண்ணு இன்னாதான் பண்ணுச்சி" என்றாள். அடியே, தாடிக்காரர் வாயால் முணுமுணுத்துக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார், எந்த வாத்தியம் எப்போது வாயைத் திறக்கணும், எது எப்போது வாயை மூடிக்கொண்டு கிடக்கணும் என்று ஒவ்வொன்றுக்கும் எழுதிக் கொடுப்பது என் பொண்ணு, என் வீட்டில் நான் செய்கிற அதே வேலைதான், நான் எழுதிக் கொடுப்பதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம் என்றேன். உங்கப்பா வெளியே பார்த்துக்கொண்டு சிரித்தார், எனக்குத் தெரியாது என்று நினைப்பு. அந்த வேலைக்கு ஒரு இங்கிலீஷ் பேர் சொன்னாயே, அதைச் சொல்லப் போய்த்தான் என் கடைவாய்ப் பல் ஆடுகிறது. திருக்கழுக்குன்றத்தில் டீ குடிக்க நிறுத்தினபோது கழுகுக் கோயில் மலை ஏறுகிற கூட்டத்தைப் பார்த்துவிட்டு வரதன், "கழுகே வராம இத்தினி வருஷமா ஜனம் வந்துகினு கீது, ஷாரோன் பேரு வராட்டியும் நாம படம் பாத்துட்டு வரலாம் வாக்கா" என்றான். உன் மாமனுக்கு வாயில் நல்ல வார்த்தையே வராது.

நீ கடைசியில் வரும் என்று சொன்னாய் இல்லையா, நான் அதை ஆரம்பத்தில் போடுகிற பேர்களில் கடைசி என்று எடுத்துக்கொண்டேன். படம் ஆரம்பித்தது, ஒவ்வொரு பேராகப் போகிறது, தாடிக்காரர் பேர் மட்டும் மின்னல் இடியோடு வந்தது, சரியாக அந்த நேரம் பார்த்து செங்கம்மாள் எழுந்து சமோசாக்காரனைக் கூப்பிடுகிறாள், முன்னால் முழுக்கப் புடவை. மறைப்பு போனால் படம் எடுத்தவர் பேர், அதோடு சரி. உன் பேரை அவள் முதுகு முழுங்கிவிட்டது என்று இடைவேளை வரைக்கும் நான் அவளோடு பேசவே இல்லை, அந்தச் சமோசாவையும் வாங்கித் தின்றேன், அது வேறு. இடைவேளையில் வரதன் விசாரித்துவிட்டு வந்து, "அக்கா, அது படம் முடிஞ்சப்புறம் கீழேயிருந்து மேல ஓடுமாம், நீ அதுவரைக்கும் பேஜார் பண்ணாம உக்காரு" என்றான்.

படம் முடிகிற இடத்தை நீ மறந்திருக்க மாட்டாய். அவனும் அவளும் கடற்கரையில் சேர்ந்த உடனே முதலில் ஒரே ஒரு ஃபிடில் தேம்புகிறது, பிறகு இன்னொன்று, பிறகு எல்லாம் சேர்ந்து கடல் பொங்கின மாதிரி வருகிறது. எனக்குச் சங்கீதம் தெரியாது, வாயில் போட்ட முறுக்கைக் கடிக்காமல் வைத்திருந்தேன். ஆனால் பாவி ஜனம் அத்தனையும் எழுந்து திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு செருப்பைத் தேடுகிறது, போனைப் பார்க்கிறது. நீ எழுதினதிலேயே நல்லது எதுவோ அது முதுகுகளுக்காக வாசித்துக்கொண்டிருந்தது. கதவைத் திறந்தார்கள், விளக்கைப் போட்டார்கள், பேர் ஓட ஆரம்பித்த உடனே திரையை வெள்ளையாக்கிவிட்டார்கள். நம் பக்கம் அதுதானே வழக்கம், நானே எத்தனை படத்துக்கு அப்படி எழுந்து ஓடிவந்திருக்கிறேன். நான் கூடப் பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன். உங்கப்பா எழவில்லை.

டார்ச் லைட்டோடு ஒருத்தன் வந்து, "பெரியவரே, படம் முடிஞ்சிச்சி, அடுத்த ஷோவுக்கு ஆள் நிக்குது, எழுந்திரு" என்றான். உங்கப்பா, "முடியல" என்றார். "அதான் ஜோடி சேந்துடுச்சே, இன்னும் இன்னா" என்றான். "பேரு ஓடல" என்றார். யார் பேர் என்றான். "எம் பொண்ணு பேரு" என்று சொல்லிவிட்டு நாற்காலிக் கையை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டார். பேரு இன்னாத்துக்கு என்று கேட்ட அதே மனுஷன்! அதற்கு மேல் நான் சும்மா இருப்பேனா. ஏம்ப்பா, நீ காசு வாங்கினது முழுப் படத்துக்கா, வாலறுத்த படத்துக்கா, என் கடையில் இட்லியை வைத்துவிட்டுச் சட்னி ஊற்றுவதற்குள் தட்டைப் பிடுங்கினால் நீ நன்றி சொல்லிவிட்டுப் போவாயா என்று கேட்டேன். சத்தம் கேட்டு மேனேஜர் வந்தார். பொண்ணு படத்தில் நடித்திருக்கிறதா என்று கேட்டார். அப்போதுதான் செங்கம்மாள், அவள் வாயில் சர்க்கரை போட வேண்டும், "நடிக்கல சார், கடைசில அவங்க கட்டிப் புடிச்சாங்களே, அப்ப உங்களுக்கே தொண்டைய இன்னாமோ பண்ணியிருக்கும், அதப் பண்ணது இவங்க பொண்ணுதான்" என்றாள். சமோசாவை அந்த நிமிஷமே மன்னித்துவிட்டேன். வரதன் என்ன பண்ணினான் என்று கேட்கிறாயா, ஆட்டோவில் ஆளேற்றுகிற பழக்கத்தில், அடுத்த ஷோவுக்கு வந்தவர்களை எல்லாம் வாங்க வாங்க உக்காருங்க என்று உள்ளே ஏற்றிக்கொண்டிருந்தான். மேனேஜர் இந்தக் கூட்டத்தைப் பார்த்தார், உங்கப்பா கையைப் பார்த்தார், சிரித்துவிட்டு மேலே படம் ஓட்டுகிறவனைப் பார்த்து, "அந்தக் கடைசியப் போட்டு வுடுப்பா" என்றார். விளக்கை அணைத்தார்கள். பெருக்க வந்த அம்மா விளக்குமாற்றை மடியில் வைத்துக்கொண்டு அவரும் உட்கார்ந்துவிட்டார்.

திரும்ப அந்த ஒற்றை ஃபிடில். பேர்கள் ஏற ஆரம்பித்தன. எத்தனை பேரடி! வண்டி ஓட்டினவர், குடை பிடித்தவர், சோறாக்கினவர் எல்லோரும் வருகிறார்கள், சோறாக்கினவர் பேரை வரதன் படித்துச் சொன்னபோது எனக்குச் சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி இருந்தது. எல்லாம் இங்கிலீஷில், எறும்பு மாதிரி. உங்கப்பா எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய்விட்டார். வீட்டு வாசலில் மாட்டுகிற கருங்கல் பேர்ப்பலகை எல்லாம் அவர் கையால்தானே தேய்ந்து பளபளக்கிறது, இங்கிலீஷ் எழுத்து அவருக்குக் கண்ணை விட விரல்தான் நன்றாகப் படிக்கும். விரலைத் தூக்கிக் காற்றிலே தடவிக்கொண்டே நின்றார். திடீரென்று "தோ! தோ கீது!" என்று ஒரு கத்தல். கல்யாணமானதிலிருந்து அப்படி ஒரு சத்தம் அவரிடம் நான் கேட்டதில்லை. வரதன் விசில் அடிக்கிறான், செங்கம்மாள் கை தட்டுகிறாள், யாரென்றே தெரியாத ஜனமும் தட்டுகிறது. நான் எங்கே இருந்தேன் என்கிறாய்? பைக்குள்ளே இருந்தேன். முறுக்குப் பொட்டலத்துக்கும் சீப்புக்கும் நடுவில் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தேன். மாட்டிக்கொண்டு தலையை நிமிர்த்தினால் அங்கே யாரோ ஒரு டிரைவர் பேர் போகிறது. இன்னொரு தடவை போடச் சொன்னேன், மேனேஜர் கையெடுத்துக் கும்பிட்டார். ஊரையே கூட்டினவள் நான், உன் பேரைப் பார்க்காமல் வந்தவளும் நான் ஒருத்திதான்.

திரும்பி வரும்போது திருக்கழுக்குன்றம் தாண்டுகிற வரைக்கும் உங்கப்பா விரலால் முழங்காலில் ஏதோ எழுத்தை வளைத்துக்கொண்டே வந்தார். அப்புறம், "அந்த மொத எழுத்து நல்லா வளைஞ்சிருந்திச்சி" என்றார், அவ்வளவுதான். மறுநாள் பட்டறைக்குப் போனார். மலேசியாவுக்குப் போகிற நந்தி ஒன்று தேய்த்து முடித்துப் பெட்டி கட்டுவதற்காகப் படுக்கவைத்திருந்தார்களாம். அதன் அடியில், தரையில் உட்காருகிற பக்கம், சின்ன உளியை வாங்கித் தன் பேரைப் பூபாலன் என்று வெட்டிவிட்டார். பட்டறைக்காரர் பார்த்துவிட்டுத் தாம்தூம் என்று குதித்திருக்கிறார். அடியில வெட்டினா எவன் பாக்கப் போறான் என்று கேட்டாராம், "தூக்கறவன் பாப்பான்" என்றாராம் உங்கப்பா. உடனே தேய்ச்சு அழி என்றாராம். "இங்க தேய்க்கிற ஆளு நான்தான், நான் தேய்க்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போய்விட்டாராம். வேலை போயிருந்தால்? போகட்டும், கடையில் பாத்திரம் தேய்க்க எனக்கும் ஆள் வேண்டும். போகவில்லை, நந்தி அப்படியே பெட்டிக்குள் ஏறிவிட்டது. இதைச் சொல்லும்போது இரண்டு தோசை அதிகம் சாப்பிட்டார்.

இப்போது சொல், அப்பாவே சொல்லிட்டார் என்று இனி எந்த வாயால் சொல்வாய்? உன் தாத்தாவை நெற்களத்தில் ஏய் என்றுதான் கூப்பிட்டார்கள், கூலி வாங்கப் போனாலும் ஏய்தான். உங்கப்பாவைப் பட்டறையில் பாலிஷ் என்று கூப்பிடுகிறார்கள், நான் இட்லிக்காரம்மா. எல்லோருக்கும் சேர்த்துத்தான் உனக்கு வாய் நிறைய ஒரு பேர் வைத்தோம், தாடிக்காரருக்குத் தூக்கிக் கொடுப்பதற்கு இல்லை. சண்டை போடாதே, அழாதே, அழுதால் உனக்கு மூக்குதான் முதலில் சிவக்கும். பதவிசாகச் சொல். மெட்டு உங்களுடையது, யார் கேட்டாலும் சொல்வேன், வாத்தியம் என்னுடையது, யாரும் கேட்காவிட்டாலும் சொல்வேன் என்று சொல். படம் தரவில்லையா, தராமல் இருக்கட்டும். தினமும் ஆடிப் பாடி நாடகம் போடுகிற அந்த லண்டன் கொட்டகைக்கும் நீ வாத்தியம் எழுதுகிறாய், அங்கே உன் பேரைப் புத்தகத்தில் அச்சடித்துத்தானே விற்கிறார்கள், நீ அனுப்பினதைக் கண்ணாடித்தாள் போட்டுக் கடையில் விலைப் பலகைக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன், பொங்கல் வாங்க வருகிறவர்கள் எல்லாம் உன்னைப் படித்துவிட்டுத்தான் காசு கொடுக்கிறார்கள். வெள்ளைக்காரன் போடுகிற பேரைப் போட நம் ஆளுக்குக் கை வலிக்குமா? ஒரு வேலையும் இல்லாமல் போனாலும் வீட்டுக்கு வா, மாவு இருக்கிறது. பேரை எங்கேயோ விட்டுவிட்டு மட்டும் வராதே, எனக்குப் பழைய பிள்ளைதான் வேண்டும். சின்னதிலே கிறிஸ்துமஸ் பஜனையில் முதல் சரணத்துக்கு டிரம் அடிக்காதீங்க, குரல் மட்டும் போகட்டும் என்று வரதனையே வாயை மூட வைத்தவளாச்சே, இந்தத் தாடி எம்மாத்திரம்.

மற்றபடி கடப்பாக்கத்திலிருந்து உன் ஜாக்குலின் சித்தி நெத்திலிக் கருவாடு கொடுத்தனுப்பினாள், ஷாரோனுக்குப் பார்சல் போடு என்றாள், விமானத்தில் மற்றவர்கள் மூக்கோடுதானே வருவார்கள் என்று நானே தின்றுகொண்டிருக்கிறேன். குளிரில் காதை மூடிக்கொண்டு போ, உனக்குச் சோறு போடுவதே காதுதான். உன் காதையும் கையையும் கர்த்தர் தம்முடைய உள்ளங்கையில் வைத்துக் காக்கட்டும், நீ நன்றாக இரு, நிமிர்ந்து இரு. புதன்கிழமையை மறக்காதே. இன்னொன்றையும் மறக்காதே, நான் இன்னும் உன் பேரைப் பார்க்கவில்லை. அடுத்த படத்தில் அது வந்தே ஆக வேண்டும், நான் வீட்டிலேயே கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிளம்புவேன். எப்போதும் போல அம்மா என்று மட்டும் போட்டு முடிக்கப் பார்த்தேன், உங்கப்பா தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, முழுசாப் போடு என்கிறார்.

இப்படிக்கு உன் அம்மா,
பூ. ரெபேக்காள்