மலை திருப்பிச் சொன்னது

மதகடி, அம்பகரத்தூர்.
மாசி மாதம், வெள்ளிக்கிழமை.

அன்பு மகன் செம்பியனுக்கு அம்மா எழுதுவது. நம் காளியம்மன் துணையில் இங்கே நான், அப்பா, வெண்மதி மூவரும் சௌக்கியம். மஸ்கட்டில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி நன்றாக இருப்பாய் என்று நம்பித்தான் இதைத் தொடங்குகிறேன். கையெழுத்து என்னுடையதாக இல்லையே என்று பதறாதே. வலது மணிக்கட்டு பிசகிக் கட்டுப் போட்டிருக்கிறது, நான் சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுகிறாள். எலும்பு முறியவில்லை, காரைக்காலில் படம் எடுத்துப் பார்த்தாயிற்று. போனில் சொல்லியிருக்கலாம்தான், ஆனால் நான் பாதி சொல்வதற்குள் நீ திட்ட ஆரம்பித்துவிடுவாய். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது பார். லீவில் ஊருக்கு வந்திருக்கும் காஜா நஜ்முதீன் நாளை மறுநாள் மஸ்கட்டுக்குப் புறப்படுகிறாராம், மாவடுவும் இட்லிப் பொடியும் கட்டியிருக்கிறேன், அதோடு இதுவும் வரும். இப்போது விஷயத்தைக் கேள். நானும் வெண்மதியும் மலை ஏறிவிட்டு வந்தோம்!

எல்லாம் அவள் செல்போனில் பார்த்த ஒரு வீடியோவால் வந்தது. முதுகில் ஒரு பையோடு, அதிகம் காசில்லாமல் டவுன் பஸ்ஸிலும் கால்நடையாகவும் பழைய கோட்டைகளைத் தேடிப் போகிற ஒரு பையன், போளூருக்கு அப்பால் காட்டுக்குள் ஒரு மலையைக் காட்டினான், உச்சியில் இடிந்த கோட்டை. அதை என்னிடம் நீட்டி, அம்மா இங்க போலாமா என்று கேட்டாள். பள்ளிக்கூடத்தை விட்டதிலிருந்து அவள் வாய் திறந்து ஒன்றும் கேட்டதில்லை, உனக்குத் தெரியும். வாத்தியார் பெயர் கூப்பிட்டால் உள்ளேன் என்று சொல்ல வராமல், வகுப்பில் உட்கார்ந்துகொண்டே ஆப்சென்ட் வாங்கிய பெண். போன வருஷம் காரைக்காலில் தையல் வகுப்பில் சேர்த்தோமே, மதகடியில் நிறுத்துங்கள் என்று கண்டக்டரிடம் சொல்லக் கூசி, தினமும் அம்பகரத்தூர் கடைத்தெரு வரை போய் இறங்கி இருட்டில் திரும்பி நடந்து வந்தாள், அப்பா பயந்து வகுப்பையே நிறுத்திவிட்டார். அப்படிப்பட்டவள் ஒன்று கேட்டால் இல்லை என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. சம்பா அறுவடையும் முடிந்துவிட்டது, உளுந்து பறிக்க இன்னும் நாள் கிடக்கிறது. அப்பாதான், வாய்க்கா கரை ஏறவே ஒனக்கு மூச்சு வாங்குது, நீ மலை ஏறப் போறியா என்று சிரித்தார். நமக்குத் தெரிந்த உயரமெல்லாம் திருநள்ளாறு கோபுரம்தானே, அதைப்போல ஒரு நாலு கோபுரம் இருக்கும் என்று நானும் நினைத்துக்கொண்டேன்.

விழுப்புரம் வரை ஒரு பஸ், திருவண்ணாமலை வரை ஒரு பஸ், அங்கே ஒரு சத்திரத்தில் படுத்து எழுந்து விடியலில் போளூர். அங்கிருந்து மலையடிவாரத்துக்குப் போகிற தமிழ்நாட்டு டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் காசு கிடையாது. நம் காரைக்கால் பக்கம் புதுச்சேரியோடு சேர்ந்ததாயிற்றே, புதுச்சேரிக்காரிக்கு எல்லாம் கிடையாது என்று இறக்கிவிடுவார்களோ என்று நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன், ஒருவரும் கேட்கவில்லை. அடிவாரத்தில் அம்பலவாணன் என்று ஒரு வனக்காவலர், பொழுது சாயறதுக்குள்ள எறங்கிடணும்மா என்று சொல்லி அனுப்பினார். நான் புளிச்சோற்றுத் தூக்குவாளியும் குடையுமாக ஏறுவதைப் பார்த்து முன்னால் போன காலேஜ் பையன்கள், ஆன்ட்டி மழைய நம்பி வந்துட்டாங்கடா என்று கேலி செய்தார்கள். வெயில் ஏறியதும் அதே பையன்கள், ஆன்ட்டி கொஞ்சம் நெழலு குடுங்க என்று குடைக்கடியில் வந்து நின்று என் புளிச்சோற்றையும் காலி செய்தார்கள். நம் ஊரில் நடந்தால் தரை அதன் பாட்டுக்குக் கிடக்கும், அங்கே தரையே எழுந்து நம் முகத்துக்கு நேரே வருகிறது செம்பியா. கொஞ்ச தூரம் கல்படி, பிறகு படியும் இல்லை, வேரைப் பிடித்தும் பாறையைப் பிடித்தும் ஏறினோம். இதோ உச்சி என்று ஏறிப் பார்த்தால் அதற்குப் பின்னால் இன்னொரு உச்சி. வெண்மதி ஆடு மாதிரி முன்னால் போய்விட்டு, என் மூச்சு அடங்கும்வரை காத்திருந்து கை கொடுத்தாள்.

மேலே போய் நின்றதும் எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வேன். கூரை போன மண்டபம், பாதி விழுந்த மதில், மதிலுக்குள் அரசமரம். பாறை நடுவே ஒரு சுனை, அந்த வெயிலிலும் தண்ணீர் ஜில்லென்று இருந்தது. பக்கத்தில் பாறையிலேயே குடைந்த ஓர் உரல், விளிம்பு தேய்ந்து வழவழவென்று. எத்தனை நூறு வருஷத்துக்கு முன்னாலோ எவளோ ஒருத்தி அங்கே உட்கார்ந்து இடித்திருக்கிறாள், நானும் உட்கார்ந்து கையை விட்டுப் பார்த்தேன். வெண்மதி போட்டோ எடுத்திருக்கிறாள், அனுப்புவாள், நான் கண்ணை மூடியிருக்கிறேன் என்று சிரிக்காதே. கடல் தெரிகிறதா என்று நாலாபக்கமும் தேடினேன், தெரியவில்லை.

கடலைத் தேடியதில்தான் வம்பு வந்தது. பையன்கள் முன்னாலேயே இறங்கிவிட்டார்கள், நாங்கள் புறப்படும்போது இரண்டு ஒற்றையடிப் பாதைகள் இருந்தன. காலையில் சூரியனை முதுகில் வாங்கி ஏறினோம், அதனால் கிழக்கே இறங்க வேண்டும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். நம் பக்கத்தில் மத்தியானத்துக்கு மேல் காற்று முகத்தில் அடித்தால் எதிரே கடல், அதுதான் கிழக்கு. காத்து மூஞ்சில அடிக்கிற பக்கம் வாடி என்று நானே முன்னால் நடந்தேன். மலையில் காற்றுக்கு அந்த ஒழுங்கெல்லாம் கிடையாது என்று யார் கண்டது. போகப் போக முள், பிறகு ஒரு இடிந்த சுவர், அதற்கப்பால் பாதையே இல்லை. திரும்பும்போது சறுக்கிக் கையை ஊன்றி விழுந்தேன். மணிக்கட்டு வீங்கிவிட்டது, நாக்கு வறண்டு எனக்குக் குரலே எழும்பவில்லை, போனிலும் சிக்னல் இல்லை, வெயிலும் மங்கிவிட்டது. அப்போது எங்கோ தூரத்தில் விசில் சத்தமும், யாருனா இருக்கீங்களா என்று கூப்பிடுகிற குரலும் கேட்டது.

பதில் சொல்லுடி என்றேன். இருக்கோம் என்றாள், எனக்கே கேட்கவில்லை. கூப்பிட்டவர் அந்தப் பக்கமே போய்விடுவார் போலிருந்தது. என் கையைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள், எழுந்து அந்தச் சுவர்மேல் ஏறி நின்று, இருக்கோம் என்று ஒரு கத்துக் கத்தினாள் பார், எதிர்மலையிலிருந்து இன்னொருத்தி இருக்கோம் என்றாள்! இவள் திடுக்கிட்டு அங்கே யார் என்று தேடுகிறாள். நம் வயல்வெளியில் கத்தினால் குரல் போனது போனதுதான், திரும்பி வந்து நாம் கேட்டதே இல்லையே. மறுபடி கத்தினாள், மறுபடி வந்தது. சத்தம் இரண்டு பக்கமும் கேட்டதால் அவருக்குத் திசை பிடிபடவில்லை, நிறுத்தாம கூப்புடும்மா என்றார். இவளும் நிறுத்தவே இல்லை. இருக்கோம், இங்க இருக்கோம், செவுத்துக்கிட்ட, எங்கம்மா விழுந்துட்டாங்க, என் பேரு வெண்மதி, அம்பகரத்தூரு என்று கத்திக்கொண்டே சிரிக்கிறாள், மலையும் அத்தனையையும் திருப்பிச் சொல்கிறது, எனக்கு வலியே மறந்துபோயிற்று. அம்பலவாணன் மூச்சிரைக்க வந்து சேர்ந்து, இன்னாம்மா, மைக் செட்டு கட்டிக்கினு வந்தியா என்றார். இதையெல்லாம் எழுத மாட்டேன் என்று இப்போது பேனாவை வைத்துவிட்டாள். நான் சொல்றத நீ எழுது, ஒங்கண்ணனுக்குத் தெரியட்டும் என்றேன்.

ஏன் தெரிய வேண்டும் என்றால், அடிவாரத்தில் டீ குடிக்கும்போது தொண்டை கட்டின குரலில் என்னிடம், அம்மா எனக்கு இப்ப கல்யாணம் வேண்டாம், தையல் கத்துக்கறேன் என்றாள். சித்திரையில் பதினெட்டு முடிகிறது, வைகாசியில் உன் சிநேகிதனுக்கே கொடுத்துவிடலாம், வாயைத் திறக்காத பெண் வெளியே போய் என்ன செய்யும் என்று நீ சொன்னபோது நானும் சரி என்றுதான் தலையாட்டினேன். அவளுக்கு நல்லது என்று நினைத்துத்தான் நீ செய்தாய், உன்னைக் குறை சொல்லவில்லை. ஆனால் அவளை நாம் ஒருவரும் கேட்கவில்லை செம்பியா. மறுநாள் காரைக்காலிலிருந்து ஊருக்கு வந்த பஸ்ஸில் நான் வேண்டுமென்றே சும்மா உட்கார்ந்திருந்தேன். மதகு நெருங்கியது. மதகடி எறங்கணும், நிறுத்துங்க என்று ஒரு சத்தம், பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. கண்டக்டர், மெதுவா சொன்னாலே நிறுத்துவோம்மா, ஏன் இப்புடி என்று காதைக் குடைந்தார். திங்கட்கிழமை முதல் வகுப்புக்குப் போகிறாள், அப்பாவும் ஒத்துக்கொண்டார். ஆகையால் மாப்பிள்ளை வீட்டில் நீயே பக்குவமாகப் பேசி, இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிவிடு.

வெயிலில் வேலை செய்யும்போது மோர் குடி, மாவடு ஜாடியில் ஈரக் கரண்டியைப் போடாதே. காளியம்மன் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாள், நீண்ட ஆயுளும் நல்ல பெயருமாக இரு.

இடது கையால் கிறுக்கியிருக்கும்
உன் அம்மா
அன்னபூரணி

அண்ணா, இது நானே எழுதுவது. நீ கூப்பிடும்போதெல்லாம் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டு உள்ளே போய்விடுவேன். இது கைக்கு வந்ததும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு. நான்தான் எடுப்பேன்.
வெண்மதி