அந்த வீட்டு ரொட்டி

ஜனவரி 11, ஞாயிறு

மகள் அவள் அப்பா வீட்டிலிருந்து திரும்பிவிட்டாள். சனிக்கிழமை போய் ஞாயிறு மாலை வருவது, நாங்கள் பிரிந்ததிலிருந்து உள்ள ஏற்பாடு. இன்று கையில் புதிதாக ஒரு பொட்டலம். வெள்ளைத் துணியில் சுற்றிய ரொட்டி. ரோஸ்மேரி இலை, கற்பூரவல்லி, பூண்டு எல்லாம் போட்டது. "வீட்லயே சுட்டதும்மா" என்றாள்.

யார் சுட்டது என்று கேட்க வேண்டுமா என்ன? அதற்குத்தான் அவருடைய புது மனைவி ஒருத்தி இருக்கிறாளே, எந்நேரமும் ஈறு தெரியச் சிரித்துக்கொண்டு. பல் மருத்துவமனை வரவேற்பில் உட்கார்ந்து நாள் முழுக்க வாய்களைப் பார்க்கிறவள் நான். அந்தச் சிரிப்பெல்லாம் என்னிடம் எடுபடாது. ரொட்டியைக் காட்டி என் பெண்ணை வளைக்கப் பார்க்கிறாள் சிரிப்புக்காரி.

ஒரு துண்டு பிய்த்து வாயில் போட்டேன். "உப்பே இல்ல. மருந்துக்கடை நாத்தம் வேற. இத எப்படித்தான் திங்கறாங்களோ?"

"நல்லா இல்லையாம்மா?"

மிச்சத்தை அப்படியே குப்பைக்கூடையில் போட்டேன்.

ஜனவரி 18, ஞாயிறு

மறுபடியும் ரொட்டி. மறுபடியும் குப்பை.

ஜனவரி 20, செவ்வாய்

தூக்கம் வரவில்லை. கோடை விடுமுறை முடிந்ததும் அவள் சேரப்போகிற புதுப் பள்ளி அந்த வீட்டிலிருந்து நடக்கிற தூரம். இங்கிருந்து போனால் இரண்டு பஸ் மாற வேண்டும். வார நாட்களில் யார் வீட்டில் இருப்பது என்று அவளே முடிவு செய்யட்டும் என்று நானும் அவரும் பேசி வைத்திருக்கிறோம். பெருந்தன்மையாகச் சொன்னது நான்தான். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

ரொட்டிதானே? நானும் சுடுவேன். அவளுக்கு மட்டும் என்ன, தலையில் கொம்பா முளைத்திருக்கிறது?

ஜனவரி 22, வியாழன்

லீவு போட்டுவிட்டு மாவு, ஈஸ்ட், ஒரு தொட்டி ரோஸ்மேரி எல்லாம் வாங்கி வந்தேன். மகள் பள்ளியிலிருந்து வந்து சமையலறை வாசலில் நின்று பார்த்தாள். உள்ளே வந்தால் எனக்கு வேலை இரண்டாகும் என்பதால் எப்போதுமே அவளுக்கு வாசலோடு சரி.

"கொதிக்கற தண்ணி ஊத்தாதம்மா, ஈஸ்ட் செத்துடும். விரல விட்டா சுடக் கூடாது."

"ஏன், அவ சொல்லிக் குடுத்தாளாக்கும்?"

கொதிக்கிற தண்ணீரையே நான் ஊற்றினேன். மாலை முழுக்க ஈரத்துணி போட்டு மூடி வைத்தும் மாவு பிடித்துவைத்த இடத்திலேயே கிடந்தது. வீம்புக்கு அதையே சுட்டேன். கத்தி இறங்கவில்லை. கீழ்வீட்டு நாய்க்குப் போட்டேன். மோந்து பார்த்துவிட்டு என்னையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்விட்டது.

ஜனவரி 25, ஞாயிறு

இந்த வாரம் துணியைப் பிரிக்கவே இல்லை. பொட்டலத்தோடு தூக்கிப் போட்டேன். மகள் நின்று பார்த்தாள். பார்க்கட்டும். போய் அங்கே சொல்லட்டும்.

ஜனவரி 29, வியாழன்

இரண்டாம் முயற்சி. மாவு பொங்கியது! ஆனால் இலைகளைக் கழுவி ஈரத்தோடு சேர்த்துவிட்டேன் போல, நடுவில் களியாகிவிட்டது. மகள் ஓரமாகப் பார்த்து இரண்டு துண்டு தின்றாள்.

"நல்லாருக்கா?"

"ம்."

"அதவிடவா?"

எழுந்து போய்விட்டாள். நெஞ்சழுத்தம். யாரைக் கொண்டு பிறந்திருக்கிறாளோ!

பிப்ரவரி 1, ஞாயிறு

இந்த முறை ரொட்டி வரவில்லை. பயந்துவிட்டாள் சிரிப்புக்காரி என்று சந்தோஷப்பட்டேன். சாப்பிடும்போதுதான் பார்த்தேன், மகளின் மணிக்கட்டில் சிவப்பாக ஒரு கோடு. தீக்காயம்.

"ஓவன் கம்பி பட்டுடுச்சு. ஒண்ணுமில்லம்மா."

ஒண்ணுமில்லையாமே! ஒத்தப் பொண்ணு, இந்தக் கையால ஒரு டம்ளர் கழுவ விட்டதில்ல நான். அவள அடுப்படியில நிக்க வெச்சு வேலை வாங்கறா. அப்பன்காரன் என்ன பண்றான், தூங்கறானா? நாளைக்கே போறேன். நறுக்குன்னு நாலு கேள்வி கேக்காம விட மாட்டேன்.

பிப்ரவரி 2, திங்கள்

மருத்துவமனையிலிருந்து நேராகப் போனேன். கேட்டைத் திறந்தவள் சிரிப்புக்காரிதான்.

"வாங்கக்கா."

அக்காவாம்! எந்த வழியில் உறவோ. உள்ளே போகவில்லை. நின்ற இடத்திலேயே ஆரம்பித்தேன். "உன் ரொட்டி ஆசைக்கு என் பொண்ணுதான் கெடைச்சாளா? கைய சுட்டுக்கிட்டு வந்திருக்கா. இனிமே அவள அடுப்புப் பக்கம் விட்ட, நான் மனுஷியா இருக்க மாட்டேன்."

சிரிப்பு போய்விட்டது. முதல் தடவையாக அவள் உதடு மூடிப் பார்த்தேன்.

"எனக்குக் கோதுமை மாவே ஆகாதுக்கா. பட்டா கை தடிச்சிடும். அந்த ரொட்டிய நான் வாயில வெச்சதுகூட இல்ல. முழுக்க அவதான் பண்றா. அன்னிக்கு நான் கையுறை எடுத்துக் குடுக்கறதுக்குள்ள தட்ட இழுத்துட்டா. தப்புதான். உங்களுக்குன்னுதான் தனியா ஒண்ணு பண்ணுவா. ரத்தக்கொதிப்புன்னு அதுக்கு மட்டும் உப்பு கம்மி. இந்த வாரம் பண்ணிட்டு, எடுத்துட்டுப் போகல. உள்ளதான் இருக்கு. தரட்டுமா?"

திரும்பி நடந்தேன்.

எனக்கு ரத்தக்கொதிப்பு என்று அவளுக்குக்கூடத் தெரிந்திருக்கிறது. என் பெண் ரொட்டி சுடுவாள் என்று எனக்குத் தெரியவில்லை. பஸ்ஸில் அழுதேன். சிரிப்புக்காரியை முன்பைவிட அதிகமாக வெறுக்கிறேன். இப்போது அதற்கு ஒரு காரணம்கூடக் கிடையாது.

பிப்ரவரி 3, செவ்வாய்

"ஏன்டீ சொல்லல?"

"நீ கேக்கவே இல்லையேம்மா. வாயில வெச்சதுமே திட்டிட்ட. அப்புறம் எப்படிச் சொல்றது?"

"இனிமே இங்கயே சுடு. என்ன வேணுமோ வாங்கித் தர்றேன்."

"வேணாம்மா. ஒரு கரண்டிய கீழ வெச்சா எடுத்துக் கழுவிடுவ. மாவுன்னா அப்படியே விட்டு வெக்கணும். உன்னால முடியாது."

மன்னிப்புக் கேட்கத்தான் கூப்பிட்டேன். கத்தினேன். என்னென்ன கத்தினேன் என்று எழுத மாட்டேன்.

ஏப்ரல் 30, வியாழன்

"வார நாள்ல அங்கயே இருந்துக்கறேம்மா" என்றாள். பஸ்ஸைக் காரணம் சொன்னாள். நானும் பஸ்தான் காரணம் என்பது போலத் தலையாட்டினேன்.

ஜூன் 20, சனி

இப்போது சனி, ஞாயிறுதான் என்னுடையது. காலையிலேயே மாவுப்பையோடு வந்தாள். தடித்த கையுறை ஒன்றும் பையிலிருந்து வந்தது. யார் வாங்கிக் கொடுத்தது என்று தெரியும்.

"நான் கூப்பிடற வரைக்கும் உள்ள வராத."

கூடத்தில் உட்கார்ந்தேன். ஏதோ விழுந்தது. எழுந்தேன், உட்கார்ந்தேன். தரையெல்லாம் மாவு, இங்கிருந்தே தெரிகிறது. மேடையில் கிண்ணங்கள் அடுக்கின்றி இறைந்து கிடக்கின்றன. எனக்குக் கை நமநமத்தது. செய்தித்தாளைப் பிரித்து ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாவை மூடி வைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்து போனை நோண்டினாள். மறுபடி போனாள். அப்புறம் வாசனை வந்தது. பூண்டு முதலில், இலை பிறகு.

கூப்பிடுவாள் கூப்பிடுவாள் என்று பார்த்தேன். பொறுக்க முடியாமல் வாசலில் போய் நின்று, "உள்ள வரலாமா?" என்று கேட்டேன். என் வீட்டில், என் சமையலறைக்குள் வர, நான்.

திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "கையக் கழுவிட்டு வாம்மா."

கழுவிக்கொண்டு போனேன்.