நீலத் தலைகள்

ஜனவரி 6, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். லீவு போட்டுவிட்டு விமலாவோடு கிளினிக். கல்யாணமாகி ஐந்து வருடம். போன மாதம்தான் முதன்முறையாக என்னையும் சோதித்தார்கள். இன்று ரிசல்ட்.

குறை என்னிடம்தான்.

விந்தணுக்களுக்கு நீலச் சாயம் ஏற்றி எடுத்த படத்தை டாக்டர் காட்டினார். சரியாக முதிர்ந்த தலை சாயத்தை ஏற்காதாம். என்னுடையதில் பாதிக்கு மேல் நீலம். பார்க்க அழகாக இருந்தது. அதை அங்கே சொல்லவா முடியும்?

அவர் விளக்கியது, மறப்பதற்குள்: விந்தணு உருவாகும்போது டி.என்.ஏ. முதலில் ஒரு வகைப் புரதத்தின் மேல் தளர்வாகச் சுற்றியிருக்கும். கடைசிக் கட்டத்தில் அந்தப் புரதம் விலகி, புரோட்டமின் என்ற வேறு புரதம் வந்து இறுக்கிக் கட்டும். தலை சிறுக்கும். எனக்கு இந்த மாற்றம் பாதியில் நின்றுவிடுகிறது. இறுகாத இழை வழியிலேயே அறுந்துபோகலாம்.

பாயான் லெப்பாஸ் பேக்டரியில் பத்து வருடமாகக் கம்ப்யூட்டர் சிப் பேக்கிங் வேலை எனக்கு. காற்றை உறிஞ்சி மூடாத பை ஒன்றுகூட என் கையைத் தாண்டியதில்லை. சிரிப்பு வந்தது. வி. சிரிக்கவில்லை.

டாக்டர்: "புதுசு உருவாக ரெண்டரை மாசம் ஆகும். சிகரெட்ட நிறுத்துங்கலா. அப்புறம் திரும்ப டெஸ்ட் பண்ணுவோம்."

ஜனவரி 10, சனி

வெயில். அம்மாவைப் பார்க்க ஃபெர்ரியில் பட்டர்வொர்த். கடல் முழுக்க அந்தப் படத்தின் நீலம். பார்த்துக்கொண்டே எங்கோ போய்விட்டேன்.

வி. மெதுவாக: "அத்தைகிட்ட சொல்லாதீங்க. உங்களுக்குக் கஷ்டம். எனக்குப் பழகிருச்சு."

அப்பாடா என்றிருந்தது. அப்படி இருந்ததற்கு வெட்கமாகவும் இருந்தது.

அம்மா ஏதோ சூரணம் கலக்கி வைத்திருந்தாள். "கர்ப்பப்பைக்கு நல்லது. மடக்குனு குடிச்சிரு." வி. குடித்தாள். நான் மீன் குழம்பு சாப்பிட்டேன்.

இதுவரை வி. செய்தவை: செவ்வாய் விரதம். வேப்பங்கொழுந்து. அரச மரம் சுற்றியது. ஜாதகப் பரிகாரம் இரண்டு.
நான் செய்தவை: இல்லை.

ஜனவரி 19, திங்கள்

சிகரெட் இல்லாமல் பதின்மூன்று நாள். தலைவலி. வாங்க: வெங்காயம், சோப்பு, மோட்டார் டயர்.

பேக்டரி பஸ்ஸில் கண்ணை மூடிக்கொண்டு வந்தேன். இந்த நேரம் உள்ளே உருண்டை உருண்டையாக எத்தனை காத்திருக்குமோ. பழைய புரதம் ஒவ்வொன்றாக இறங்க, புதியது ஏறி உட்கார, மெல்ல வால் முளைக்கும். யாரும் போய் உதவ முடியாது. சத்தமே இல்லாத இடமாக இருக்கும். கண் திறந்தால் பஸ்ஸில் நான் மட்டும். டிரைவர், "அண்ணே, எறங்கலையா?"

ஜனவரி 31, சனி

காலையிலேயே புழுக்கம். தைப்பூச ரதம் வரும் நாள். அம்மா கடல் தாண்டி இந்தப் பக்கம் வந்துவிட்டாள். ரோட்டோரம் நூற்றெட்டுத் தேங்காய், அவள் வேண்டுதல். ரதம் நெருங்குவதற்குள் உடைத்துவிட வேண்டும். பக்கத்துக் குவியல் வேண்டுதலுக்கு வந்த ஒரு சீனக் குடும்பத்துடையது.

அம்மாவோடு வந்த பெரியம்மா கேட்டாள்: "யாருக்கு வேண்டுதல்?"

"மருமவளுக்குத்தான். வயிறு தொறக்க மாட்டேங்குதே. அவ கையாலயே உடைக்கட்டும்."

வி. முந்தானையைச் செருகிக்கொண்டு குனிந்தாள். நான் அவள் கையைப் பிடித்துவிட்டேன்.

"அம்மா, குறை எனக்குத்தான். டெஸ்ட்ல தெரிஞ்சிருச்சு. அவளுக்கு ஒண்ணும் இல்ல."

நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. பெரியம்மா ரோட்டைப் பார்த்தாள். சீனக் குடும்பம் உடைக்கத் தொடங்கியிருந்தது, தண்ணீர் எங்கள் கால்வரை வந்தது. அம்மா கத்துவாள், பெண்டாட்டியைக் காப்பாற்றப் பொய் சொல்கிறேன் என்பாள் என்று நின்றேன்.

அம்மா விமலாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இவன் பொறக்க ஏழு வருஷம் ஆச்சு. அத்தன வருஷமும் என்னத்தான் மலடின்னாங்க. இவங்கப்பா பக்கத்துலதான் நிப்பாரு."