என் பெட்டி போன வழி

மே 11

பலாச்சுளை எடுத்ததில் கை முழுக்கப் பசை. எண்ணெய் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. போனைத் தொட்டால் ஒட்டுகிறது. நான் தொடும் எழுத்தையெல்லாம் இது வாய்விட்டு வாசிக்கும், அதனால் காதில் ஒயரை மாட்டிக்கொண்டுதான் எழுதுகிறேன். இல்லாவிட்டால் என் வண்டவாளமெல்லாம் மகள் தீர்த்தா காதுக்குப் போய்விடும்.

ஜிஷா டீச்சர் வந்தார். பார்வையில்லாதவர்களுக்கு வெளியே நடக்கச் சொல்லிக்கொடுப்பவர். என் கழுத்தில் ஒரு பெட்டியை மாட்டிவிட்டார், சோப்புக்கட்டி அளவு. செயற்கைக்கோளைக் கேட்டு, நான் நிற்கும் இடத்தையும் திரும்ப வேண்டிய பக்கத்தையும் பேசிச் சொல்லுமாம். அதோடு, பெட்டி இருக்கும் இடம் தீர்த்தாவின் போனில் புள்ளியாகத் தெரியும். போன வழி நேரத்தோடு கோடாக நிற்கும்.

"அப்ப அம்மாவ எங்க இருந்தாலும் பார்க்கலாம்" என்றாள் தீர்த்தா. குரலில் அப்படி ஒரு நிம்மதி. பதினாறு வயசுப் பெண்ணுக்கு இந்த நிம்மதி எதற்கு?

திருச்சூர் வாலிபால் ஹாஸ்டலில் அவளுக்கு இடம் கிடைத்திருக்கிறது. ஜூன் முதல் வாரம் சேர வேண்டும். போகமாட்டேன் என்கிறாள். ரேஷன் கடைக்கும் பேங்குக்கும் உன்னை யாரு கூட்டிட்டுப் போவா என்கிறாள். அவள் அப்பா இறந்து வெகுநாள் ஆயிற்று. என் கண் முழுசாகப் போனதிலிருந்து அவள் தோளைப் பிடித்துத்தான் நடக்கிறேன். எனக்கு வேறு ஆசை ஒன்றும் இல்லை, இவள் போக வேண்டும்.

மே 14

டீச்சருடன் ஜங்ஷன் வரை. எங்கள் வழியில் இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்குச் செம்பாறை மதில், மேலே மரங்கள். உள்ளே நுழைந்ததும் பெட்டி வாயை மூடிக்கொண்டது. வெளியே வந்த பிறகு, எப்போதோ தாண்டிவிட்ட திருப்பத்தில் திரும்பச் சொன்னது.

"இது எந்த ரோடுன்னு சொல்லும் சேச்சி. கால் வைக்கிற இடம் குழியா மேடான்னு சொல்லாது. அதுக்குக் கம்புதான்."

"அப்ப இது எதுக்கு?"

டீச்சர் சிரித்தார். நான் நிஜமாகத்தான் கேட்டேன்.

மே 18

ரோட்டோரத்து ஓடையில் விழுந்தேன். முழங்காலில் தையல். நான் உள்ளே கிடக்கும்போதும் அது "நேராகச் செல்லவும்" என்று சொல்லிக்கொண்டிருந்தது.

மே 24

இன்று டீச்சர் தள்ளிப் பின்னால் வர, நான் முன்னால் பேங்குக்கு. "சேர வேண்டிய இடம் வந்துவிட்டது" என்றது. நல்ல மீன் வாடை. ரோட்டுக்கு இந்தப் பக்கம் மீன்கடை, அந்தப் பக்கம் பேங்க். பெட்டிக்கு ரெண்டு பக்கமும் ஒன்றுதான். பேங்கின் கைப்பிடிக் கம்பி இருக்கும் என்று கையை நீட்டினேன், ஐஸ் பெட்டிக்குள் போனது.

"மத்தி இன்னிக்கு நல்லா இருக்கு, எடுத்துப் பாருங்க" என்றார் கடைக்காரர். அப்புறம் கம்பைப் பார்த்திருப்பார். சட்டென்று பேச்சை நிறுத்திவிட்டார். கிண்டல் பண்ணியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

மே 28

தீர்த்தா இருட்டும்வரை பின்சுவரில் பந்தை அடித்துக்கொண்டே இருந்தாள். உள்ளே வந்து தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னாள், "அம்மா, ஹாஸ்டலுக்குப் போன் பண்ணி வரலன்னு சொல்லிடப் போறேன். உனக்கு முட்டி ஆறட்டும்."

என்ன சொல்ல? தினமும் போறேன், தினமும் விழறேன். முடியலடி. சத்தியமா என்னால முடியல. ரோட்டுக்கு வந்தா நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது. பெட்டி ஒண்ணு சொல்லுது, லாரி ஒண்ணு சொல்லுது, காது ரெண்டுக்கும் நடுவுல நான் நிக்கறேன். ஆனா உன் பந்துச் சத்தம் இந்தச் சுவத்துக்குள்ளேயே அடங்கிப் போகணுமா? நான்தான் உனக்குக் காலில் கட்டின கல்லா?

மே 30

பக்கத்து வீட்டுப் பவித்ரேட்டனைக் கூப்பிட்டேன். பீடிக் கம்பெனியில் வேலை பார்த்து ஓய்ந்தவர். தினமும் சாயங்காலம் ஜங்ஷன் வாசகசாலைக்கு நடப்பார், பேப்பர் வாசித்துவிட்டு, டீக்கடையில் நாலு பேரோடு சண்டை போட்டுவிட்டுத் திரும்புவார்.

"ஏட்டா, போகும்போது இந்தப் பெட்டிய மாட்டிட்டுப் போகணும். அவ்வளவுதான்."

"நீ?"

"நான் வீட்ல இருப்பேன்."

"ஏன் ரீஜே, பெத்த பொண்ண ஏமாத்தப் பார்க்கறியா?" என்றார்.

"ஆமா."

"சரி, கொடு. சட்டைக்குள்ள போட்டுக்கறேன். வெளிய தெரிஞ்சா மாட்டுக்கு மணி கட்டிருக்குன்னு அந்த டீக்கடைப் பசங்க என்னை உயிரோட விடமாட்டானுங்க."

ஜூன் 1

தீர்த்தா மைதானத்திலிருந்து மூச்சிரைக்க ஓடி வந்தாள். "அம்மா, ஜங்ஷன் வரைக்கும் போயிட்டு வந்துட்ட. தனியா. புள்ளி நகர நகரப் பார்த்துட்டே இருந்தேன்." கட்டிப்பிடித்துத் தூக்கிவிட்டாள். அவள் அழுதாள். மழை பெய்திருந்ததால் என் செருப்பை முன்னமே கிணற்றடியில் நனைத்து வைத்திருந்தேன். அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

ஜூன் 5

போய்விட்டாள்.

ஜூன் 20

ஹாஸ்டலில் சாயங்காலம் கொஞ்ச நேரம்தான் போன் கொடுப்பார்கள். எங்கே போனாய், என்ன வாங்கினாய் என்று கேட்கிறாள். பச்சைப்பயறு வாங்கினேன், பேங்கில் கூட்டம், குடை மறந்துவிட்டேன். வாய்க்கு வந்ததைச் சொல்கிறேன். பொய் இவ்வளவு சரளமாக வரும் என்று எனக்கே தெரியாது. பயறு பவித்ரேட்டன் வாங்கி வந்தது.

ஜூலை 16

ஜிஷா டீச்சரிடம் தலைசுற்றல் என்று சொல்லி வகுப்பை நிறுத்திவிட்டேன். "விட்டுடாதீங்க சேச்சி, எல்லாரும் முதல்ல விழுவாங்க" என்றார். எல்லாரும் எழுந்திருப்பார்களாக இருக்கும்.

ஆகஸ்ட் 3

பெட்டி இல்லாமல், கம்பை மட்டும் எடுத்துக்கொண்டு கேட் வரை போனேன். கொண்டியில் கை வைத்தேன். மழைத் தண்ணீர் ஓடையில் ஓடுகிற சத்தம். திரும்பி வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். நாள் முழுக்க என் மேலேயே எரிச்சல்.

ஆகஸ்ட் 21

அவள் அணி ஜெயித்ததாம். போனில் பத்துப் பெண்கள் ஒன்றாகக் கத்தினார்கள். நானும் இங்கே தனியாகக் கத்தினேன்.

செப்டம்பர் 5, திருவோணம்

தீர்த்தா நேற்றே வந்துவிட்டாள். கை உரம் பாய்ந்து மரக்கட்டையாகிவிட்டது, தோளைப் பிடித்தால் வேறு யாரோ மாதிரி இருக்கிறது. காலையில் முற்றத்தில் பூக்களம் போட்டாள், என்ன பூ எங்கே என்று என் விரலைப் பிடித்துக் காட்டினாள். சாப்பிட்டு, இலையை எடுத்துப் போட்டுவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அம்மா, ஒண்ணு கேட்டா கோச்சுக்க மாட்டியே?"

"கேளு."

"கள்ளுக்கடையில ஒன்றரை மணி நேரம் என்ன பண்ணிட்டிருந்த?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அப்புறம் புரிந்தது. பவித்ரேட்டன். பேப்பர் வாசிக்கிறாராம் பேப்பர். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, அவளுக்கும். ரெண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். அவள்தான் முதலில் நிறுத்தினாள்.

"எப்போ தெரிஞ்சுது?" என்றேன்.

"நான் போன முதல் வாரமே. அப்புறம் ஒரு நாள் கோடு வயலுக்கு நடுவுல போச்சு. அங்க ரோடே கிடையாது. உன்னால வரப்புல நடக்க முடியுமா?"

"அப்பவே ஏன் கேக்கல?"

என் கையை எடுத்து அவள் மடியில் வைத்துக்கொண்டாள்.

"கேட்டா நீ நிஜத்தச் சொல்லிடுவ. சொன்னா நான் திரும்பி வரணும். எனக்கு வரப் பிடிக்கலம்மா."

நான் ஆசைப்பட்டது இதுதானே, அப்புறம் ஏன் இப்படி வலிக்கிறது? மூணு மாசம். தினமும் சாயங்காலம் நான் பச்சைப்பயறு வாங்கின கதையை இந்தப் பெண் உம் கொட்டிக் கேட்டிருக்கிறாள்.

"நல்லவேளை கேக்கல" என்றேன். மனதறிந்துதான் சொன்னேன். பாயசப் பாத்திரம் கழுவுகிற சாக்கில் அடுக்களைக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

செப்டம்பர் 8

கிளம்பும்போது சொன்னாள், "புள்ளிய என் போன்லேர்ந்து எடுத்துட்டேன். நீ வெளிய போனாலும் சரி, போகாட்டியும் சரி. பொய் மட்டும் வேண்டாம்மா, ரெண்டு பேருக்கும்."

பவித்ரேட்டன் சாயங்காலம் வாசலில் வந்து நின்றார். பெட்டி வேண்டாம், சும்மாவே போங்க என்றேன். அவருக்கும் விஷயம் எட்டியிருக்கிறது. "நான் உன் முகத்துல எப்படி முழிப்பேன் ரீஜே" என்றார். எனக்குத் தெரியவா போகிறது என்றேன். அவர் சிரிக்கவில்லை.

அக்டோபர் 12

ஜிஷா டீச்சர் வந்து பெட்டியை வாங்கிக்கொண்டு போனார். வடகரையில் ஒரு பையன் காத்திருக்கிறானாம். அவனுக்காவது அது பேசட்டும்.

தீர்த்தா போன் பண்ணினாள். சாப்பிட்டியா என்று கேட்டாள். எங்கே போனாய் என்று கேட்கவில்லை. மாநில அணிக்குத் தேர்வு நடக்கிறதாம், கிறிஸ்துமஸ் லீவிலும் பயிற்சியாம், நான் வந்தே ஆகணுமா அம்மா என்றாள்.

வேண்டாம் மோளே, விளையாடு என்றேன்.