ஊதா அங்கி மாதா

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். நேற்று கடைக் கதவைச் சாத்தித் தாழ் போட்டுவிட்டுத்தான் உன் நரியை என் கணினியில் ஏற்றினேன். கதவைத் தாழிட்டுச் செய்கிற காரியங்கள் இந்த வயதில் எனக்கு அதிகம் மிச்சமில்லை. மிஞ்சியதும் இதுவாகப் போயிற்று. ஒரு பெரிய கம்பெனி, வேலை கொடுக்கும் முன் படம் திருத்தும் மென்பொருளுக்கு ரசீது கேட்டது. நடைபாதையில் வாங்கிய திருட்டு சிடிக்கு ரசீது ஏது? அதை அழித்துவிட்டு, போடச் சொல்லி நீ வருடக்கணக்காகக் கெஞ்சிய அந்த இலவச கிம்ப்பைப் போட்டேன். வாயில் தூரிகையைக் கவ்விக்கொண்டு, அதன் சின்னமான அந்த நரி திரையில் வந்து என்னைப் பார்த்தது. நீ பார்ப்பாயே, அப்படி.

லிங்கராஜபுரத்தில் நம் ஒற்றை அறைக் கடையில் கணினி இரண்டு, மதமும் இரண்டு. என்னுடையதில் திருட்டு சிடி. உன்னுடையதில், கணினிப் பத்திரிகையோடு சும்மா வந்த கிம்ப். பாஸ்போர்ட் படம் எடுக்க வருகிறவர்களிடம் உன்னைக் காட்டி, “இவரு ஓசி சாப்பாட்டுக்குத்தான் போவாரு, ரசம் இல்லன்னாலும் கேக்க மாட்டாரு” என்பேன். அவர்கள் சிரிப்பார்கள். நீயும் கூடச் சிரிப்பாய். அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

“திருடுன சிடில மாதா படத்தத் தொட மாட்டேன் மச்சா” என்றாய் ஒருமுறை.

“ஏன், மாதா வந்து லைசென்ஸ் கேட்டாங்களா?”

“கேக்க மாட்டாங்க. அதான் பயம்.”

மாதா பிறந்தநாள் திருவிழாவுக்குக் கோவில் போஸ்டர் வேலை வந்தபோது நான்தான் நிபந்தனை போட்டேன். போஸ்டர் நன்றாக வந்தால் இரண்டு கணினியிலும் கிம்ப். சொதப்பினால் நீ என் சிடிக்கு மாற வேண்டும், இல்லையென்றால் கடையை விட்டுப் போக வேண்டும். நீ சட்டென்று ஒத்துக்கொண்டாய். ஈரம் பட்டுப் புள்ளி விழுந்த பழைய படம் ஒன்றைக் கொண்டுவந்து, நான்கு நாள் உட்கார்ந்து புள்ளி புள்ளியாகத் துடைத்தாய். திரையில் அந்த அங்கியின் நீலத்தைப் பார்த்தபோது எனக்கு வயிறு எரிந்தது.

திரையில் ஒளிரும் நீலம் காகிதத்தில் அப்படியே இறங்காது. அச்சு மைக்குத் தகுந்தபடி நிறத்தை மாற்றிக் கொடுக்க வேண்டும். உன் கிம்ப்புக்கு அன்று அந்த வித்தை தெரியாது. என் திருட்டு சிடிக்கு அது இரண்டு நிமிட வேலை. உனக்கு இது தெரியாது, எனக்குத் தெரியும். உனக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். இதைச் சொல்லவில்லை.

அச்சகத்துக்குப் போனதும் நான்தான். முதல் தாளை எடுத்துக் காட்டி, நீலம் ஊதாவாக வருகிறதே, ஓட்டட்டுமா என்று மிஷின்காரர் கன்னடத்தில் கேட்டார். “ஓடிஸி குரு, ஒண்ணும் ஆகாது” என்றேன்.

தவக்காலத்தில் கோவில் சுரூபங்களைத் துணி போட்டு மூடுகிற அதே ஊதா. பிறந்தநாளும் அதுவுமாக மாதாவுக்குத் துக்க உடுப்பு. சுவர் சுவராக ஒட்டியும் ஆயிற்று. விழாக் குழு கொதிக்கிறது, அந்த ஓசிக்காரன் இனிமேல் கோவில் வேலைக்கே வேண்டாமாம் என்று என் மூலமாக உனக்குச் செய்தி வந்தது. நீ யாரிடமும் போய் விசாரிக்கவில்லை. அந்த ஞாயிறு பூசைக்கும் போகவில்லை. “மாதா மூஞ்ச எப்படி மச்சா பாக்கறது?” என்றாய். மறுவாரம் உன் கணினியைப் பெட்ஷீட்டில் சுற்றி ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாய்.

பிறகு ஏதோ கால் சென்டரில் ஆள் ஏற்றி இறக்கும் வண்டிகளுக்கு நேரம் குறிக்கும் வேலை. அதன் பிறகு ஒரு படத்தைக்கூட நீ தொடவில்லை என்று உன் அடக்கத்தன்று உன் மனைவி சொன்னார். கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கு உன் முகத்தைச் சிவப்பாக்கிக் கொடுத்தது என் திருட்டு சிடிதான். நீ எழுந்து வந்து தடுக்கவில்லை.

ஒரு சண்டையாவது போட்டிருக்கலாம் நீ. நாலு பேர் நடுவில் என் சட்டையைப் பிடித்திருந்தால் நானும் உன்னைத் திட்டிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். யோக்கியனோடு கூட்டுச் சேர்கிறவனுக்கு அந்தச் சௌகரியம்கூடக் கிடையாது. எங்கே நீலத்தைப் பார்த்தாலும், அச்சில் இது என்ன ஆகும் என்றுதான் இன்றும் மனசு ஓடுகிறது. புதுச் சேலை கட்டிக்கொண்டு வந்து நிற்கிற மனைவியைப் பார்த்தாலும் அதே நினைப்பு. திட்டு வாங்குகிறேன்.

இன்னொன்று. விழாக் குழுவில் யாரும் கொதிக்கவில்லை. ஊதா புதுசாக, லட்சணமாக இருக்கிறது, அடுத்த வருடமும் அவரையே செய்யச் சொல்லுங்கள் என்றார்கள். அதை என்னிடம்தான் சொல்லி அனுப்பினார்கள்.