உங்கள் வண்டியை மகன் எடுத்துப் போன பகல்

மச்சான்,

இன்று மதியம் லுஹர் தொழுகைக்குக் கை கால் கழுவி ஒளுச் செய்யும்போது வலது கால் வழுக்கியது. குழாயடியில் உட்கார்ந்து எவ்வளவு தண்ணீர் ஊற்றித் தேய்த்தும் பாதத்தின் வழவழப்புப் போகவில்லை. சோப்பாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு விரலால் தொட்டு முகர்ந்து பார்த்தேன். ஆமணக்கெண்ணெயில் ஏதோ மருந்தைக் கலந்தது போன்ற அந்த வாசனை. உங்கள் சட்டையிலும் உள்ளங்கையிலும், சில நாள் நான் போட்டுக் கொடுத்த சோற்றுத் தட்டிலும் கூட வந்த வாசனை. பிரேக் எண்ணெய்.

பாதி ஒளுவில் எழுந்துவிட்டேன். அந்த நேரத்தில் உங்கள் வண்டி கொட்டகையில் இல்லை. நம் மகனும், கையில் இன்னும் மருதாணி மங்காத மருமகளும் அதில் ஏறி அருப்புக்கோட்டைக்கு, அவள் தாய்வீட்டு விருந்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

மகனுக்குப் போன் அடித்தேன். எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். கூரையில்லாத வண்டி. காதில் காற்று அடிக்கிற அடிக்குப் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது, போன் எங்கே கேட்கப்போகிறது? மருமகளின் போனோ உள்ளறையில் சார்ஜில் கிடந்து, நான் அடிக்க அடிக்க அங்கேயே பாடிக்கொண்டிருந்தது.

அந்த வண்டியை நான் என்றைக்குமே நம்பியதில்லை. உங்களுக்குத் தெரியும். துபாயை முடித்துக்கொண்டு ஊருக்கு வந்த மனுசர் ஒரு கடை வைப்பீர்கள், கொஞ்சம் காடுகரை வாங்குவீர்கள் என்று பார்த்தால், அருப்புக்கோட்டையில் ஒரு பஞ்சு குடோனில் சாக்குகளுக்கு அடியில் கிடந்த வெள்ளைக்காரன் காலத்து வண்டியை டிராக்டரில் ஏற்றிக்கொண்டு வந்து நின்றீர்கள். இரண்டே இரண்டு பேர் உட்காரலாம். சீட்டுக்குள் எலி குடும்பம் நடத்தியிருந்தது. கதவின் மரச்சட்டத்தைக் கரையான் தின்று தீர்த்திருந்தது. நம் வீரசோழன் ஊர்க் கடைத்தெருவே கூடி நின்று வேடிக்கை பார்த்தது. "ஏலே, துபாய்ல ஒனக்குக் காரே கெடைக்கலையா?" என்று உங்கள் கூட்டாளி கேட்டதற்கு, "கெடைச்சுச்சுலே, அதெல்லாம் தானா ஓடும். அதுல என்ன இருக்கு?" என்றீர்கள்.

நம் ஊர் ஸ்பேனர் எதுவும் அதன் நட்டுக்குப் பொருந்தாது என்று, இங்கிலாந்து அளவில் ஒரு செட்டைத் துபாயிலிருந்து வருகிற யாரிடமோ சொல்லி வரவழைத்தீர்கள். வந்தவர் பெட்டியில் எனக்கு ஒரு செண்டு பாட்டில் கூட இல்லை. ஆனாலும் உங்களோடு சேர்ந்து நானும் அந்தக் கொட்டகையில்தான் கிடந்தேன். பித்தளை மூடியைப் புளி போட்டுத் தேய்த்தேன். சக்கரத்தின் கம்பிகளைப் பழைய டூத் பிரஷ்ஷால் ஒவ்வொன்றாகத் துடைத்தேன். முதல் தடவை திருச்சுழி வரைக்கும் போனபோது கண்ணை மூடிக்கொண்டே இருந்தேன். அவ்வளவு தாழ்வான சீட்டு. எதிரே வந்த லாரியின் சக்கரம் என் முகத்துக்கு நேராக உருண்டது. பாதி வழியில் இஞ்சின் கொதித்து நின்றபோது நீங்கள் தலையில் கைவைத்தீர்கள். நான் உள்ளுக்குள் அல்லாவுக்கு நன்றி சொன்னேன். "பயந்தாங்கொள்ளி புள்ள" என்று வழி நெடுகச் சிரித்தீர்கள்.

என் பயத்துக்கு நீங்கள் கொடுத்த வேலைதான் அந்த வெள்ளிக்கிழமை வேலை. ஜும்ஆத் தொழுகை முடிந்து சாப்பாடும் முடிந்ததும் நான் ஓட்டுகிற சீட்டில் செருப்பில்லாமல் உட்கார வேண்டும். நீங்கள் டார்ச்சோடு சக்கரம் சக்கரமாகக் குனிந்து பார்ப்பீர்கள். இந்தக் காலத்து வண்டியில் ஒரு பக்கம் ஒழுகினாலும் இன்னொரு பக்கம் பிடிக்கும், இதில் ஒரே குழாய்தான், ஒரு இடத்தில் ஒழுகினால் நாலு சக்கரமும் போச்சு என்று அன்றைக்கே சொன்னீர்கள். அதைக் கேட்ட பிறகு எனக்கு அந்த வண்டியில் தூக்கம் வந்ததே இல்லை. "பிரேக்குக்குள்ள இருக்குற ரப்பரு காயவே கூடாது புள்ள. வாரம் ஒருக்கா மிதிச்சு விடணும். இந்த வெயிலுக்குச் சும்மா கெடந்தா வெடிச்சுரும்." இன்னொன்றும் சொல்வீர்கள். "டக்குன்னு மிதிச்சா கெட்ட ரப்பரும் தாங்கிரும். மெள்ள மிதிச்சுப் பிடி. எறங்குதா பாரு." நான் மெள்ள மிதித்து, காலை எடுக்காமல், ஓதிக்கொண்டே இருப்பேன். பெடல் கல் மாதிரி நிற்கும். அதற்கப்புறம்தான் எனக்கு மூச்சு வரும்.

பிறகு ஒரு காலையில் சட்டை பட்டனைப் போட்டுக்கொண்டே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள். அதோடு முடிந்தது.

நான் இத்தாவில் உட்கார்ந்தேன். நாலு மாதம் பத்து நாள் கெடு முடியும் வரை வாசல் தாண்டக் கூடாது. கொட்டகையோ தெருவுக்கு அந்தப் பக்கம். மகன் சவுதியிலிருந்து போனில் அழுதுகொண்டே, "அத்தா கை பட்ட வண்டி, யாரும் தொடக் கூடாது" என்று சொல்லிவிட்டான். உங்கள் தம்பி புதுப் போர்வை வாங்கி மூடினார். வெள்ளிக்கிழமை தவறாமல் யாராவது சாம்பிராணி காட்டினார்கள். சாம்பிராணி வாசம் ஜன்னல் வழியாக வரும்போதெல்லாம் எனக்குக் கால் குறுகுறுக்கும். பிரேக்கை யாராவது மிதித்து விடுங்களேன் என்று அழுகை வீட்டில் எப்படிச் சொல்வது? புருசன் போனதை விட்டுவிட்டு வண்டியை நினைக்கிறாள் பார் என்பார்கள். இத்தா முடிந்தது. அப்புறம் கல்யாண வேலை வந்தது. அவ்வளவு மரியாதையாகப் போர்த்தி வைத்து, உள்ளே ரப்பரைக் காயப் போட்டுவிட்டோம் மச்சான்.

இன்று லுஹர் நெருங்குகிற நேரம், அவர்கள் கிளம்புவதற்கு முன்னால் நான் போய்ச் செருப்பில்லாமல் உட்கார்ந்து மிதித்துப் பார்த்தேன். மெள்ளத்தான் மிதித்தேன். பெடல் நின்றது. அப்புறம் மனசில்லாமல் கொஞ்சம் இறங்கியது போல இருந்தது. "ஏப்பா, பெடலு எறங்குதே" என்றேன். மகன் குனிந்து கையாலேயே டக் டக்கென்று அமுக்கிக் காட்டினான். "கல்லு மாதிரி இருக்கும்மா. நேத்து மெக்கானிக்கு வந்து எண்ணெயெல்லாம் ஊத்திப் பாத்துட்டுத்தான போனாரு?" என்றான். நான் மறுபடி வாயைத் திறப்பதற்குள் உங்கள் தங்கச்சி என் கையை அழுத்தினாள். "புதுமாப்புள்ள பொண்ணு கெளம்புற நேரம் மைனி. தடையாப் பேசாதிய." அவ்வளவு பேர் சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள். நானும் ஸலாம் சொல்லிக் கையசைத்தேன்.

பெடலில் ஒழுகிய எண்ணெய் காலில் மணக்க வாசலில் நின்றபோது கண்ணுக்குள் ஓடியதெல்லாம் திருச்சுழியில் குண்டாற்றுப் பாலம்தான். அதன் கைப்பிடிச் சுவர் அந்த வண்டிக்கு எந்த மூலைக்கு? அப்புறம் பஸ் ஸ்டாண்டுக் கூட்டம், மதியச் சோற்றுக்குப் பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளைகள். நான் சொன்னதும் உங்கள் தம்பி பைக்கை எடுத்துக்கொண்டு அவர்கள் பின்னாலேயே போனார். எனக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. தொழ நின்றால் ஓத வேண்டியது மறந்துபோகிறது. உங்கள் மேல் எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. எனக்குச் சொல்லிக் கொடுத்ததை உங்கள் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்தீர்களா? சவுதியிலிருந்து அவன் லீவில் வரும்போதெல்லாம் அதில் உட்காரவைத்துப் போட்டோ மட்டும் எடுத்தீர்கள்.

போன் வந்தது. மகன்தான். "அம்மா, பதறாதிய. ஒண்ணும் ஆகல" என்றான். வாசல்படியிலேயே உட்கார்ந்து கேட்டேன். திருச்சுழிக்கு இந்தப் பக்கம், மேய்ச்சலுக்குப் போகிற ஆடுகள் ரோட்டை மறித்திருக்கின்றன. இவன் மிதித்திருக்கிறான். பெடல் தரையைத் தொட்டிருக்கிறது. பின்னால் ஒரு பெண்பிள்ளை அழுகிற சத்தம் கேட்டது. அவளிடம் கொடு என்றேன்.

"மாமி, இவுக மிதி மிதின்னு மிதிக்காக, வண்டி நிக்கவே மாட்டேங்குது. நான் நடுவுல இருந்த கம்பியப் பிடிச்சு இழுத்துட்டேன். சுத்திக்கிட்டுப் போயி கருவமுள்ளுக்குள்ள நின்னுருச்சு."

"அந்தக் கம்பிய இழுக்கணும்னு ஒனக்கு யாரும்மா சொன்னது?"

"யாரும் சொல்லல மாமி. ஏறுனதுமே எனக்குப் பயமாப் போச்சு. இது என்னன்னு கேட்டேன். அது தனி பிரேக்கு, பின் சக்கரத்த மட்டும் பிடிக்கும்னு சொன்னாக. அதுல இருந்து நான் கையவே எடுக்கல. அதுக்குப் போயி வழியெல்லாம் சிரிச்சாக."

"சிரிச்சானா? போன அவன்கிட்டக் குடு" என்றேன். நான் திட்டிய திட்டு அங்கே நின்ற ஆட்டுக்காரருக்கும் கேட்டிருக்கும். அவனைத் திட்டும்போது பாதி உங்களைத்தான் திட்டினேன்.

சாயங்காலம் அஸர் தொழுகைக்கு அப்புறம் டிராக்டரில் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள். பிள்ளைகள் இருவரும் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். மருமகளின் முழங்கையெல்லாம் முள் கீறியிருந்தது. மஞ்சள் குழைத்துப் போட்டேன். மகன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "வித்துரலாம்மா. மதுரையில ஒருத்தரு ரொம்ப நாளாக் கேக்குறாரு. அப்படியே எடுத்துக்கிறேங்கிறாரு" என்றான். எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான்தான் முதலில் தலையாட்டுவேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். எனக்கே அப்படித்தான் தோன்றியது. ஆனால் வாயில் வந்தது வேறு.

"வித்தா அத எவன் ஓட்டுவான், எந்த ரோட்டுல ஓட்டுவான், எனக்குத் தெரியுமா? மெள்ள மிதிச்சுப் பாக்கணும்னு அவனுக்கு யாரு சொல்லுவா? அவனப் பெத்தவ எந்த ஊரு வாசல்ல நிப்பாளோ. வேணாம்பா. இங்கேயே கெடக்கட்டும்."

நான் சாவியை மட்டும் வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டேன். இதை எழுதும்போதும் அது இடுப்பில்தான் இருக்கிறது மச்சான். குனிந்தால் குத்துகிறது.